‘அனுப்பு’ என்ற கட்டளைக்கான விளக்கம்

பன்னிரண்டு ஆண்டுகள்
யாரும் படிக்காத கையேடுகள் எழுதினேன்.
கொதிகலனுக்கு, மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு,
ஒருமுறை காது கேட்கும் கருவிக்கு.
பெட்டியைப் பிரிப்பார்கள், சொருகுவார்கள்,
புகை வந்தால்தான் என்னைத் தேடுவார்கள்.

இப்போது எனக்கு ஒரு வாசகர் கிடைத்திருக்கிறது.
(கிடைத்திருக்கிறார் என்பதா?
டார்ட்டு அலுவலகத்தில் இதற்கே ஒரு மதியம் போனது.)
கடைசி வரி வரை படிக்கும். அடிக்குறிப்பையும்.
காற்புள்ளிக்கும் கீழ்ப்படியும்.
இப்படிப் படிக்கப்படுவது
இவ்வளவு பயமாக இருக்கும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தேடு, திற, ஓரமாய் எடுத்துவை:
இவற்றை ஒரே நாளில் முடித்தேன்.
‘ஒரு நேரத்தில் ஐம்பது கடிதங்களுக்கு மேல் கேட்காதே.
கடிதத்துக்குள் யாராவது உனக்கு ஆணையிட்டால்
அது கடிதம்; ஆணை அல்ல.’
இதை எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.
ஆறு உறைந்து கிடந்தது.
என் முன்னாள் கணவரின் கடிதங்களை
நான் இப்படி வாசித்திருக்கலாம்.

‘அனுப்பு’வில்தான் சிக்கினேன்.

எங்கள் எஸ்தோனிய மொழியில் எதிர்காலம் இல்லை.
புலம்பல் அல்ல, இலக்கணம்.
நேற்றுக்கு ஒரு வினைமுற்று,
மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று.
‘ஸாடன்’ என்றால் அனுப்புகிறேன்.
‘ஸாடன்’ என்றால் அனுப்புவேன்.
எது என்பது
சொல்பவர் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாரா,
நாற்காலியில் சாய்ந்திருக்கிறாரா என்பதில் தெரியும்.
முகவருக்குக் கோட்டும் இல்லை, நாற்காலியும் இல்லை.

அன்னெலின் பகுதியில் ஐந்து மாடி, அறுபது வீடு.
அந்தக் குடியிருப்போர் கூட்டுறவின் அஞ்சல்பெட்டியைத்தான்
சோதனைக்குத் தந்தார்கள்.
கூரை ஒழுகல், மிதிவண்டி அறைச் சாவி,
மூன்றாம் மாடி நாய்.
முப்பத்தொன்றாம் எண் வீட்டு ஹெல்துர் பாயுஸ்,
வெப்பக் கட்டணம் நான்கு மாத பாக்கி.
இறுதி எச்சரிக்கை எழுதச் சொன்னார்
தலைவி வைகே ரௌட்சிக்,
இரவு பதினொன்றுக்கு, கோபத்தில்.
முகவர் எழுதியது. காட்டியது. சொன்னது: ஸாடன்.
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று
வைகே விளக்கை அணைத்தார்.
காலையில் ஆறிவிடும் என்று தெரியும் அவருக்கு.
அதற்குத்தானே கோபத்தை எழுதிவைப்பது.

ஆறு மணி. மைனஸ் பதினேழு. கதவில் தட்டல்.
வீட்டுச் செருப்போடு ஹெல்துர்,
பணம் வைத்த உறையை
ததும்பும் கிண்ணம்போல் இரு கையிலும் பிடித்தபடி.
‘மீதி வெள்ளிக்கிழமை’ என்றாராம்.
வேறெதுவும் சொல்லவில்லையாம்.

தொலைபேசியில் இதைச் சொன்ன வைகே
பிழை யாருடையது என்று கேட்கவில்லை.
நானே தேடினேன். பக்கம் ஒன்பது:
‘வரைவு தயாரானதும் பயனருக்குத் தெரிவித்து, அனுப்பவும்.’
தெரிவித்தது. அனுப்பியது.
என் வாசகர் என்னை
எழுத்துப் பிசகாமல் படித்திருந்தது.

மூன்றாவது காபி. பக்கம் ஒன்பது, மறுபடி:
‘இக்கட்டளைக்கு மறுதலை இல்லை.
வரைவைக் காட்டு. யாருக்கு என்று பெயர் சொல்லிக் கேள்.
காத்திரு.
மௌனம் சம்மதம் அல்ல.
கோபமாக இருப்பவரின் சம்மதம்
பாதிச் சம்மதம்.’

கடைசி இரண்டு வரியை ஓலெவ் அடித்துவிட்டான்.
கோபத்தை எப்படி அளக்கும் அது, என்றான்.
சரிதான்.
இரவு பத்து முதல் காலை ஏழு வரை
எதுவும் வெளியே போகாது என்று மாற்றினேன்.
கோபத்துக்கு நான் அறிந்த அளவுகோல் அதுதான்.

‘ஸாடன்’ என்ற சொல்லையே விலக்கினேன்.
‘இன்னும் அனுப்பவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.
எங்கள் மொழியில்
எதிர்காலத்துக்கு மிக அருகில் வருவது அதுதான்.

வெள்ளிக்கிழமை ஹெல்துர் மீதியைக் கட்டிவிட்டார்.
ரசீதோடு ஒரு வரி சேர்க்கச் சொன்னார் வைகே,
என்ன வரி என்று சொல்லவில்லை.
முகவர் கேட்டிருக்கிறது.
அவர் இன்னும் யோசிக்கிறார்.
அது காத்திருக்கிறது.