சுக்கான்

மீன் சந்தைத் தராசுகளுக்கு
வருடத்துக்கு ஒருதரம் முத்திரை குத்துவது என் உத்தியோகம்.
தட்டின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல்,
அதற்குள் ஒரு குமிழி.
அது நடுவில் வந்து நிற்கும்வரை
நான் எதையும் நம்பமாட்டேன்.

அன்று அன்ரன் குரூசின் மேசைக்குக் கீழே
றெஜிபோம் பெட்டியில் ஐந்து குட்டிகள்.
நாலு, பெட்டியின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தன.
ஐந்தாவது
தன் தலையைத் தானே தேடிக்கொண்டிருந்தது.

"கள்ளுக் குடிச்ச மாதிரி, மிஸ்.
சுக்கான் இல்லாத வள்ளம்.
நாளைக்குப் பெட்டியோடை கடலிலை விடப்போறன்."
பகிடிக்குத்தான் சொல்லியிருப்பான்.
பகிடியா என்று கேட்க நான் நிற்கவில்லை.
பையில் இருந்த படிக்கற்களை ஒருபக்கம் ஒதுக்கி
குட்டியை வைத்தேன்.
உவர்மலை ஏறி முடியும்வரை
ஐந்நூறு கிராம் கல்லும் அதுவும்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்தன.

டொக்டர் நில்மினி படம் கீறிக் காட்டினார்.
சிறுமூளை:
கச்சான் பருப்பு இருக்கவேண்டிய இடத்தில் கோது.
"நோவு இல்ல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.
நடக்கும். விழும்."
அவருடைய தமிழில் இரண்டுக்கும் ஒரே குரல்.
அட்டையில் பெயர் கேட்டிருந்தது.
சுக்கான் என்று எழுதினேன்,
இல்லாததை வைத்து.

நிறை பார்க்கவேண்டும் என்றார்.
இரண்டு தசம் ஒன்று. இரண்டு தசம் ஆறு.
ஒன்று தசம் ஒன்பது.
பதினேழு வருட உத்தியோகத்தில்
என் முத்திரைக்கு அடங்காத முதல் நிறை.
அணைத்துக்கொண்டு நானே தராசில் ஏறினேன்.
உங்களைக் கழித்தால் அவன் வருவான் என்றார்.
இலக்கங்கள் அப்போதும் நிற்கவில்லை.
நடுங்கினது யார் என்று
அந்த இயந்திரத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் மாபிள் தரை. முகம் பார்க்கலாம்.
கட்டார் காசில் தவநேசன் பதித்தது.
"அந்தத் தரையிலை அது எப்பிடி நடக்கும்?"
என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்.
வேண்டாம் என்கிறார் என்று நினைத்து
இரண்டு நாள் கதைக்கவில்லை.
வெள்ளிக்கிழமை காசு வந்தது:
றப்பர் பாய் வாங்கு.

குசினியிலிருந்து கேற் வரை
ஒரு கறுப்பு ரோட்டுப் போட்டேன்.
அதில் சுக்கான் பயணம் செய்கிறான்,
நாலு காலும் நாலு கட்சியாக.

ஒன்றை மட்டும்
ஒரு மாதம் கழித்தே கண்டுகொண்டேன்.
நித்திரையில் அவன் நடுங்குவதில்லை.
சும்மா படுத்திருக்கையிலும் இல்லை.
பால் கோப்பையைக் கண்டால்,
என் செருப்புச் சத்தம் கேட்டால்,
பல்லியின் வாலைப் பிடிக்க நினைத்தால்
அப்போதுதான் தலை ஆடத் தொடங்கும்.
எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஆடும்.
மூக்கு முழுசாய்க் கோப்பைக்குள் போய்,
தும்மி,
பால் மீசையோடு நிமிர்வான்.

ஒருநாள் கோட்டை வாசலில்
சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு
மான் ஒன்று வழியை மறித்தது.
குரைக்க எழும்பினான்;
குரைத்த வேகத்திலேயே விழுந்தான்.
திரும்ப எழும்பி
மற்றப் பக்கம் விழுந்தான்.
மான் சப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
அவன் சரியாக நின்று குரைக்கும்வரை பொறுத்திருந்து
பிறகு பயந்து ஓடியது.
பயம்தானா, மரியாதையா, தெரியாது.

நேற்று மறுபடி மீன் சந்தை.
அன்ரன் குரூசின் தராசில்
குமிழிக்கு நடுவுக்கு வரப் பஞ்சி.
நான் அவசரப்படுத்தவில்லை.
"இன்னும் விழுறானோ, மிஸ்?"
"விழுறான்."
ஒரு சூடைமீனைத் தூக்கி எறிந்தான்.
அது காலடியில் விழ,
சுக்கான் இரண்டு முழம் தள்ளிப் பாய்ந்தான்.
அடுத்தது ஒரு முழம்.
அடுத்தது ஐஸ் பெட்டியில் டொக்கென்று முட்டி
இருந்துவிட்டான்.
எங்கிருந்தோ ஒரு காகம் இறங்கியது.
நானும் அன்ரனும்
காகத்தைத்தான் கலைத்தோம்.
மீனை ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.