தொண்ணூற்றைந்தில் கொதிக்கும் தண்ணீர்

சூடு ஏற ஏற எதிர்ப்பு குறையும்
தெர்மிஸ்டருக்கு.
எங்கள் குடும்பத்தில் யாருக்கும்
அந்தக் குணம் கிடையாது.

சாட்ஸ்வர்த்தில் நான்,
லெனேசியாவில் தம்பி பிரவாஷன்.
ஆளுக்கொரு கிழட்டு கிரெசிடா.
இரண்டிலும் கம்பெனி வைத்த முள்
என்றோ படுத்துவிட்டது.
புது மீட்டருக்குக் கடைக்காரன் சொன்ன விலைக்கு
இன்னொரு கிரெசிடாவே வாங்கலாம்.
நாமே செய்துகொள்வோம் என்றேன்.
சலவை மெஷின்களின் வயிற்றைத் திறந்து மூடுவது
என் பிழைப்பு.
அவன் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறான்.

மின்வெட்டு அட்டவணை பார்த்து
ஈயம் உருக்கினேன்.
இரண்டு பலகை, இரண்டு சின்னத் திரை,
ஒன்றைக் கூரியரில் போட்டேன்.
இண்டிகேட்டர் போட்டால்
என் திரையில் எண் நான்கு குதித்தது.
மூன்று ராத்திரி தேடினேன்.
எர்த் வயர் பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.
சுரண்டினேன்,
இரும்பு தெரியும்வரை.

பிறகு ஒரு ஞாயிறு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு
இரண்டு சமையலறையில் ஒரே வேலை.
ஐஸ் தண்ணீரில் முக்கு, பூஜ்யம் என்று எழுது.
கொதிநீரில் முக்கு, நூறு என்று எழுது.
"எழுதியாச்சா?"
"எழுதியாச்சு."
அன்றைக்கு மட்டும் நாங்கள்
சண்டை போடாமல் ஒரு மணி நேரம் பேசினோம்.

அடுத்த வாரமே ஆரம்பித்தான்.
என் வண்டி எண்பத்தெட்டில் ஓடும்போது
அவன் வண்டி தொண்ணூற்றுமூன்று காட்டுகிறதாம்.
தெர்மோஸ்டாட் மாற்றினான்.
மூடி மாற்றினான்.
தண்ணீர் பம்ப். ஃபேன் பெல்ட்.
கடைசியில் ரேடியேட்டரையே கழற்றிப்
புதிது போட்டான், நாலாயிரத்துச் சொச்சம் ரேண்ட்.
தொண்ணூற்றுமூன்று.
"உன் சர்க்யூட்" என்றான்.
"உன் கை" என்றேன்.
தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில்
ஒரு விளக்குப் படம் மட்டும் வந்தது.

அவன் மகள் கிரிஷாந்திக்கு இருபத்தொன்று.
போகாமல் இருக்க முடியாது.
வான் ரீனன் ஏற்றத்தில்
லாரிகள் மூச்சுவாங்கி ஊர்ந்தன.
எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று,
தொண்ணூற்றிரண்டு.
ஹீட்டரைத் திறந்துவிட்டு
டிசம்பர் வெயிலில் வெந்துகொண்டே ஏறினேன்.
மேட்டைத் தாண்டியதும்
எண் ஒவ்வொன்றாக இறங்கியது.

ஹால் நிறைய பலூன்.
எங்கள் சண்டை சமையலறையில்.
டீக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது.
கையோடு கொண்டுபோன உதிரிப் பெட்டியின்
சென்சரை உள்ளே விட்டேன்.
தொண்ணூற்றைந்து.
தீயைக் கூட்டினேன்.
தொண்ணூற்றைந்து.

"பார்" என்றான்.
ஒரு நிமிடம் நானும் பார்த்தேன்,
நான் செய்தது பொய் என்று நம்பி.
குமிழிகள் மேலே மேலே வந்துகொண்டிருந்தன.
அப்புறம்தான் காது அடைத்திருப்பது உறைத்தது,
மலை ஏறியதிலிருந்தே.

என் வீட்டிலிருந்து கடல் அரை மணி நேரம்.
இங்கே கடல்
ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது.
அழுத்த ஆளில்லாத காற்றில்
தண்ணீர் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது.
அவன் அதைப் பிடித்து
நூறு என்று எழுதிவைத்திருக்கிறான்.
சொல்ல வாயெடுத்தேன்.
"சொல்லாதே" என்றான்.
"ஒன்பதாம் வகுப்புக்கு, ஜூன் மாசம்,
நான்தானே நடத்துறேன்."
டீத்தூளைப் போட்டான். நிறையப் போட்டான்.

எண்ணைத் திருத்தித் தருகிறேன் என்றேன்.
லேப்டாப்பைத் திறக்கவிடவில்லை.
திரைக்குக் கீழே டேப் ஒட்டி
பேனாவால் எழுதினான்: ஐந்து கழி.
கிரிஷாந்தி எட்டிப்பார்த்து,
"இது யாருக்கு மார்க்?" என்றாள்.
பதில் சொல்ல யாரும் இல்லை.

நாலாயிரத்தைப் பற்றிப் பேசவில்லை.
கிளம்பும்போது கராஜுக்குள் போனவன்
பழைய ரேடியேட்டரைத் தூக்கிவந்து
என் டிக்கியில் வைத்தான்.
ஒரு ஓட்டை இல்லாதது.
"உனக்கும் பொருந்தும்."

ஹேரிஸ்மித் தாண்டி, இருட்டில்,
இறக்கம் முழுக்க
அது பின்னால் கடகடவென்று
பேசிக்கொண்டே வந்தது.
திரையில் எண்பத்தாறு.