முப்பது பாகை வடக்கு

கோடைக்காலப் பயிற்சி என்றுதான்
கடிதத்தில் இருந்தது.
ஆறு பருத்திச் சுடிதார், ஒரு குடை,
வியர்க்குருப் பவுடர் சகிதம்
ஜூன் மாதம் டர்பனில் இறங்கினேன்.
என் பெயரட்டையோடு நின்ற சித்தெம்பிலே
கம்பளிக் குல்லாய் போட்டிருந்தாள்.
என் செருப்பைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

விடுதிச் சுவரில்
நம்மூரில் கீஸருக்கு மட்டும் வைக்கிற
தடித்த மூன்று ஓட்டைகள்.
மேசை விளக்குக்கும் அதே, கைபேசிக்கும் அதே.
என் சார்ஜரின் ஒல்லிக் கால்கள்
பெரியப்பா செருப்புக்குள் விட்ட
பிள்ளைப் பாதம்போல்
ஆடின, பிடிக்கவில்லை.
மூன்றாம் ஆண்டு மின்னியல்,
எண்பத்தேழு சதவீதம்.
"வந்துவிட்டேன்" என்று அம்மாவுக்குச் சொல்ல
ஒரு செருகி வாங்க வேண்டியிருந்தது.

கடைக்கு வழி கேட்டேன்.
"முதல் ரோபோவில் இடது, அடுத்த ரோபோவில் வலது"
என்றார் காவலாளி.
பல்கலைக்கழகத்து ஊர், இருக்கும் என்று
கையும் தலையுமாக எதையோ தேடிப் போனேன்.
மூன்றாவது சந்திப்பில்
சிவப்பு விழுந்து
வண்டிகளெல்லாம் எனக்காக நின்றபோதுதான்
உறைத்தது:
இங்கே சிக்னலுக்குப் பெயர் ரோபோ.
கடையைத் தாண்டி வந்திருந்தேன்.

குழுவில் நான்கு பேர்.
லெனார்ட், கஹீசோ, நான்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து கிரீசன் மூன்சாமி.
முனுசாமியாகத்தான் இருந்திருக்கும்,
எந்தக் கப்பல் குமாஸ்தாவோ
நடுவில் ஒரு நிலாவை ஏற்றிவிட்டார்.
"நான் தமிழ்" என்றான், ஆங்கிலத்தில்.
தண்ணி, ரசம், சாமி,
அப்புறம் சபையில் சொல்லக்கூடாத ஒன்று.
ஐயோ பாவம் என்று பார்க்கப் போனேன்.
"உனக்கு ஸுலு எத்தனை சொல் தெரியும்?" என்றான்.
ஒன்று.
சாவுபோனா.
வணக்கம் என்று பொருளாம்.
என் காதில் விழுந்தது வேறு:
சாவு போனா... அப்புறம் என்ன ஆகும் என்று
வாக்கியம் முடியாமல் நிற்கிறது.
வாழ்த்துதான், எப்படிப் பார்த்தாலும்.

புதன்கிழமை மொட்டைமாடியில் முதல் வேலை.
கீழே துறைமுகம்,
ரேஷன் கடை வரிசைபோல் வெளியே கப்பல்கள்.
சட்டகம், ஸ்பானர், பாகைமானி, நான்கு சூரியப் பலகை.
"யார் முதலில்?"
நான்தான்.
தெற்கு. பத்துப் பாகை.
விருதுநகரில் கண்ணை மூடிக்கொண்டு செய்வது,
இங்கும் அப்படியே செய்தேன், கண் திறந்திருந்தது.
ஆறு போல்ட்டையும் இறுக்கி நிமிர்ந்தால்
மீட்டரில் பாதிகூட இல்லை.
சித்தெம்பிலே தேநீர்க் கோப்பையால் சுட்டினாள்,
எனக்குப் பின்னால்.

உச்சிப்பொழுது.
சூரியன் வடக்கே,
எட்டிப் பறிக்கிற உயரத்தில்.
காலையிலிருந்து பிடரி சுட்டுக்கொண்டேதான் இருந்தது.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
என் நிழலே பலகை மேல் கிடந்தது.

கிரீசன் சிரிக்கவில்லை,
ஸ்பானரை நீட்டினான்.
லெனார்ட் சிரித்தான், பிறகு தன் குறிப்பேட்டைத் திறந்து
எதையோ ரகசியமாக அழித்தான்.
ஆறு போல்ட்டும் கழற்றி, திருப்பி,
முப்பது பாகை வடக்கு.
இறுக்க இறுக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.
நம் மன்னர்கள் தோற்ற பிறகுதான்
இப்படித் திரும்பி உட்கார்ந்தார்கள்,
உண்ணாமல்.
இந்த நான்கும் வடக்கிருந்த நொடியில்
தின்ன ஆரம்பித்தன.
எண்கள் ஏறிக்கொண்டே போயின.
கஹீசோ உரக்கப் படித்தாள்,
ஏலக்காரி மாதிரி.

இரவு அம்மா கேட்டாள்:
"ரூம்ல ஜன்னல் இருக்கா? எந்தப் பக்கம்?"
தெற்கு.
"கொடுத்து வச்சவ. நல்லா காத்து வரும்."
அதனால்தாம்மா குளிருது,
இங்க தெற்கு ஜன்னல்ல வெயிலே வராது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பக்கத்தில் யாரிடமோ
"தூக்கக் கலக்கத்துல உளறுது" என்றாள்.
போர்வையை இழுத்துக்கொண்டேன்.
சுவரில் செருகி
இன்னும் லேசாக ஆடுகிறது.