ஐந்தாவது வாக்கியம்

பிக்கப் என்ற சொல்லுக்கு
ஐந்து வாக்கியம், ஐந்தும் வேறு வேறு பொருளில்,
நாளைக்குக் காட்டணும் என்று
ஸ்கூல் பையோடு ஏறினாள் சுபலெட்சுமி.
கானாடுகாத்தான் பங்களா ஹோட்டலுக்கு
கார் ஓட்டுகிற எனக்கு
இங்கிலீஷில் முழுசாய்த் தெரிந்தது அந்த ஒன்றுதான்.
எழுதிக்கோ என்றேன்.

விடிகாலை மூன்றரை, காரைக்குடி ஜங்ஷன்,
பெயர் எழுதிய அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்து நிற்கிறேனே,
அது பிக்கப்.
கோட்டையூர் தாண்டி லாரியை முந்தும்போது
இருமுகிறதே இந்த வண்டி, அதற்கு இல்லாதது பிக்கப்.
முனீஸ்வரன் கோவில் தெருவில்
மூக்கு உடைந்த எனாமல் கூஜாவை
முந்நூறுக்கு வாங்கிய பிரெஞ்சுக்காரம்மா
பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு
வழியெல்லாம் போனில் சொல்லிக்கொண்டு வந்தது.
எனக்கு பிக்கப் என்றுதான் கேட்டது.
அப்புறம், டிசம்பர் வந்தால் தொழில் பிக்கப் ஆகும்.
மே மாதம் முதலாளி முகத்தைப் பார்க்கணும் நீ.

நாலு ஆச்சுப்பா. இன்னும் ஒண்ணு.

டாஷ்போர்டில் போன் அதிர்ந்தது.
வயிரவன், மலேசியா.
ரெண்டு வருஷமாய் மாதம் ஒருதரம் இப்படித்தான்,
அடித்து அடித்துத் தானே அடங்கும்.
கண்ணாடியில் பார்த்தேன்.
அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நமக்கு எல்லாமே எடுக்கிறதுதான்.
போனை எடுக்கிறது, வண்டியை எடுக்கிறது,
ஒத்துக்காததைத் தின்று வாந்தி எடுக்கிறது.
ஆத்தா செத்த அன்று அண்ணன் கேட்டதும் அதே சொல்:
எத்தனை மணிக்குடா எடுக்குறீங்க?
நாலு என்றேன்.
அஞ்சே காலுக்குத் திருச்சியில் இறங்கிடுவேன்டா என்றான்.
ஐஸ் பெட்டிக்காரன் ராத்திரி வரை விட்டிருப்பான்.
ஆத்தாளுக்குக் கொள்ளி இளையவன்தானே,
மூத்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று
பந்தலில் எவனோ சொன்னான்.
எவனோ இல்லை, நான்தான்.
பள்ளத்தூர் மனை யார் பேரில் என்கிற கோபம்
அன்றைக்கென்று வாய்க்கு வந்துவிட்டது.
நாலு மணிக்கு எடுத்துவிட்டோம்.
ஊரான் ஊரானையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன்
திருச்சிக்கு ஒரு வண்டி அனுப்பவில்லை.
ரெண்டு பஸ் மாறி வந்தான்,
பெட்டியோடு, நேரே சுடுகாட்டுக்கு.

இதில் எதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
ஐந்தாவதை அவளே எழுதிவிட்டு
நோட்டை நெஞ்சில் கவிழ்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
கையை நீட்டி நோட்டை உருவி
லைட்டைப் போட்டு எழுத்துக் கூட்டினேன்.
முதலில் ஃபாதர் இருக்கிறது.
கடைசியில் பெரியப்பா, அதையும் இங்கிலீஷ் எழுத்தில்.
பிக்கப் தெரிகிறது, ரெண்டு துண்டாய்.
நடுவே ஏதோ சின்னச் சின்ன எழுத்து.
அது மாட்டார் என்கிறதா
இனிமேல் என்கிறதா
விளங்கவில்லை.

ரயில் போய்விட்டது, கேட்டும் ஏறிவிட்டது.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.