நாலாவது சீட்

செம்பூரில் ஏறினால் திலக் நகர் வரைக்கும் ஒரு பாடம்,
திலக் நகரிலிருந்து குர்லாவுக்கு இன்னொன்று.
நாலு எண்ணி இழு. ஆறு எண்ணி விடு.
நர்ஸ் சுலபா தாயி சொல்லித் தந்தது.
பெயர்தான் சுலபா,
சுலபம் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

சயான் ஆஸ்பத்திரியில்
ஒன்பது வயிறுகளைப் பாயில் குந்தவைத்து
தாராவித் தமிழில் அதட்டினாள்:
"பல்லைக் கடிக்காத.
மேல் வாசல் சாத்தினா கீழ் வாசலும் சாத்திக்கும்."
வெட்கப்பட்டுச் சிரித்தோம்.
சிரித்தபோது எல்லார் தாடையும் தளர்ந்திருந்தது.
"இதான்" என்றாள், "இத மறக்காத."

லேடீஸ் டப்பாவில் நடப்பது வேறு வகுப்பு.
வயிற்றைக் கண்டதும் ஆளுக்கொரு கதை அவிழ்ப்பார்கள்.
மச்சினிக்கு முப்பது மணி நேரம்.
எதிர்வீட்டுக்காரிக்குப் பதினேழு தையல்.
பன்வேலிலிருந்து வருகிற ஒருத்தி
ஒன்றும் சொல்லாமல்
கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டினாள்.
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடியறை எங்களுடையது.
எட்டாம் மாதம் பிறந்ததிலிருந்து
கீழ்வீட்டு ரிஸ்வானா
தன் அடுப்படியை ஒதுக்கி எனக்குப் பாய் விரிக்கிறாள்.
ராத்திரியில் இசக்கிராஜா இறங்கிவந்து எண்ணுவான்,
நான் மூச்சு விடுவேன்.
ஐந்துக்கு அடுத்து ஏழு சொல்வான்.
ஆறு அவன் தொண்டையிலேயே நின்றுவிடும்.
திட்டுவதில்லை நான்.
அவனுக்கும் யாரோ கதை சொல்லியிருக்கிறார்கள்.

பை தயார்.
வேட்டி கிழித்த துணிகள், ரத்த வகைச் சீட்டு,
நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவதாகச் சொன்ன
ஆட்டோக்காரரின் எண்.
கத்திதான் வழி என்று டாக்டர் சொன்னால்
கையெழுத்துப் போடப் பேனாவும் வைத்திருக்கிறேன்.
நம் பேச்சில்
பிள்ளையைப் பெறுவது என்றுதானே சொல்கிறோம்.
பெறுகிறவள்
எந்தக் கதவு வழியே வந்தாலும் கை நீட்டத்தான் வேண்டும்.

இன்றைக்குக் குர்லா தாண்டியதும் வயிறு இறுகியது.
பொய்வலி. தெரியும்.
சூனாபட்டி வந்தால் விட்டுவிடும் என்று எண்ணத் தொடங்கினேன்.
சூனாபட்டி வரவில்லை.
நடுவழியில் சிக்னல்.
பத்து, இருபது, நாற்பது.
எண்ணி முடிக்க ஒரு ஸ்டேஷன் இல்லாமல்
வண்டி நிற்கிறது, நான் நிற்கிறேன்,
பல் பல்லைத் தேடுகிறது.

எதிர்சீட்டில் ஒரு அம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.
பார்வை தண்டவாளத்தில்.
கட்டைவிரல் மட்டும் தோலின் தையலைத் தடவிக் கண்டுபிடித்து
லேசாக அழுத்தும்.
திறக்கும்.
அவசரமில்லை, அடுத்தது.

எண்ணுவதை விட்டேன்.
வாய் தானாகத் திறந்து
அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது,
எருமை முனகுகிற மாதிரி.
டப்பா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ஒருத்தி காதிலிருந்து ஒயரை எடுத்தாள்.
பட்டாணி அம்மாள் மட்டும் நிமிராமல்
ஒரு பிடி அள்ளி என் மடியில் போட்டாள்.
கதை எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் அது வந்து நின்றது,
எட்டு மாதமாகப் போ போ என்று விரட்டியும் போகாத பயம்,
தினமும் நிற்கிற அதே இடத்தில்,
முழங்காலை இடித்துக்கொண்டு,
"தோடா சர்க்கோ" என்கிற முகத்தோடு.

மூன்று பேர் சீட்டில் நாலாவதாக
யார் கேட்டாலும் நகர்வதுதான் இந்த ஊர் வழக்கம்.
நகர்ந்தேன்.
பாதி உடம்பு வெளியே தொங்க
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரட்டும்.
ஜன்னல் என்னுடையது.

வண்டி எப்போது கிளம்பியது என்று கவனிக்கவில்லை.
பச்சைப் பட்டாணி இனித்தது.