தனித்தாள்

"நடந்ததை விவரிக்கவும்.
இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்."

படிவத்தில் நான்கு கோடுகள்.
போதவில்லை.

அபெரிஸ்ட்வித், கடற்கரை நடைபாதை, வடக்கு முனை.
அக்டோபர், சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால்.
அனுமதிச்சீட்டு பையில் இருந்தது.
ஐம்பது லட்சம் பவுண்டு வரை பொறுப்புக் காப்பீடு
என்று சொல்லும் உங்கள் சான்றிதழும் இருந்தது.
அதைக் காட்டாமல் அந்த நடைபாதையில்
ஒரு முக்காலியை விரிக்க விடமாட்டார்கள்.
ஏழு வருடமாய்க் கட்டுகிறேன்.
எதற்கு என்று யாராவது கேட்டால்
எதுவும் நடக்காமல் இருப்பதற்கு என்பேன்.

க்வில்ட் குடும்பம்.
அப்பா, அம்மா, நெடுநெடுவென்று இரண்டு பெண்கள்,
கடைக்குட்டி மாக்ஸன்.
அக்காக்களின் முழங்கை வரைதான் வந்தான்.
சட்டகத்தில் ஒரு பள்ளம்.

விளக்குத் தண்டின் காலில் கிடந்த
மணல் மூட்டையை எடுத்து
அவன் காலடியில் போட்டேன்.
ஆறு கிலோ மணல்.
பள்ளம் நிரம்பியது.

காற்று இல்லை என்று எழுதமாட்டேன்.
அங்கே காற்று இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
குடை விளக்கு வைத்திருப்பவர்களுக்குச் சொன்னதல்ல.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம்:
நடைபாதை முடியும் இடத்தில்
கம்பித் தடுப்பை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான்
திரும்புவோம். ஏன் என்று யாருக்கும் தெரியாது.
திரு. இட்வல் பெய்னன் உதைக்கக் காலைத் தூக்கினார்.
ஒற்றைக் காலில் நின்ற அந்த ஒரு நொடி
குடைக்குப் போதுமானதாக இருந்தது.

வலது மணிக்கட்டு. இரண்டு இடத்தில்.
தொழில்: பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்.

உங்கள் பாலிசியில் அவர் "மூன்றாம் நபர்".
தன்மை நான்,
முன்னிலை நீங்கள்,
அவர் படர்க்கை.
ஆனால் கல்லில் கிடந்தவர் கண்ணைத் திறந்ததும்
"உங்களுக்கு, ஐயோ, உங்களுக்கு" என்றுதான்
எனக்கு வாய் வந்தது.
இலக்கணம் அங்கேயே பிசகிவிட்டது.

பிரிவு நான்கு சொல்கிறது:
சம்பவ இடத்தில் பொறுப்பேற்கும்படி
எதுவும் பேசக்கூடாது.
தொலைபேசியில் உங்கள் பெண் கேட்டாள்,
மன்னிப்புக் கேட்டீர்களா?
ஒன்பது தடவை, என்றேன்.
சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் இல்லை.
அதை எழுத வேண்டியதில்லை, என்றாள்.
நல்ல பெண். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மருத்துவமனையில் அவர் சொன்னது:
காற்று என்று எழுதிவிடு பெண்ணே,
காற்று வழக்காட வராது.
பதினோரு பியானோ காத்திருக்கிறதாம்.
ஒன்று தேவாலயத்தில், கிறிஸ்துமசுக்குள் ஆகவேண்டும்.
கட்டுப் போட்ட கையால்
போர்வையில் எதையோ திருகிக் காட்டினார்.
இவ்வளவு நுணுக்கமாகத் திருக வேண்டும் என்று.

"படங்கள் இருப்பின் இணைக்கவும்."
இருக்கிறது. ஒன்று.
குடை எழும்பிய அதே கணத்தில்
என் விரல் அழுத்தியிருக்கிறது.
நான்கு முகங்கள் சட்டகத்துக்கு வெளியே திரும்ப,
அப்பாவின் கை பாதி நீள,
சின்னவன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்,
மணல் மூட்டைமேல், அரசனைப் போல.
அன்று எடுத்ததில் அதுதான் படம்.
திருமதி க்வில்ட் பெரிதாகக் கேட்கிறார்,
கூடத்துச் சுவருக்கு.

கீழே இரண்டு விரல் அளவு வெட்டினால்
மூட்டை போய்விடும்.
சொல்லப்போனால், படத்துக்கு அதுவே நல்லது.
முழங்காலோடு நிறுத்துவதுதான் முறை.

க்வில்ட் வீட்டுக்கு வெட்டியது.
உங்களுக்கு வெட்டாதது, இத்துடன்.

ஹெலெத் ரோலண்ட்ஸ்

பி.கு: வரும் சனிக்கிழமை துறைமுகத்தில்
ஒரு பெண்ணும் அவள் வேட்டைநாயும்.
முன்பணம் வாங்கியாயிற்று.
சான்றிதழ் அதுவரை செல்லுமா?
வெள்ளிக்குள் தெரிவித்தால் நல்லது.
இன்னும் இரண்டு மூட்டை வாங்கியிருக்கிறேன்.