முடிச்சு

நைட் டூட்டி முடிந்து வரும் வழியில்
நீடாமங்கலம் கேட் அடைத்திருந்த நேரத்தில்
ஜபருல்லா பாயிடம் வாங்கிய குடல்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்து நாலு நாள்,
குழாயில் இன்னும் மண் வாடை.

ஈர்க்குச்சி விட்டு உள்ளை வெளியே திருப்பி
சுண்ணாம்பு, மஞ்சள், ஆறு அலசல்.
ஏழாவதில்தான் கவிச்சி விட்டது.

கொத்திய ஈரல், சின்ன வெங்காயம்,
மிளகு கொஞ்சம் தூக்கலாக.
புனலில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளுகிறேன்.

நூல் நீட்டுகிறார் அருள்தாஸ்.
தியேட்டரில் பார்த்துப் பழகிய முடிச்சு:
இரண்டு சுற்று, எதிர்ச்சுற்று ஒன்று.
நேற்றிரவு ஒருத்திக்கு
எத்தனை போட்டும் நிற்கவில்லை.

ஊசியால் குத்தாவிட்டால் வெடிக்கும்.
குத்தினேன்.
நல்லெண்ணெயில் சீறிச் சுருண்டு
முழுசாக வந்துவிட்டது.

இட்லியோடு வைத்தேன்.
"நீ சாப்பிடலையா?"

நூலை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தேன்,
தட்டோரம்.